மொகல் தெருவில் ஜப்பான் கண்ணாடிக் கடிகாரம் விற்றேன்

கண்ணாடிக் கடிகாரம் விற்கிறவனுக்கு இரண்டு பயம் உண்டு: ஒன்று அது நின்றுபோகுமோ என்பது, மற்றது அது விழுந்துபோகுமோ என்பது. ஜவுளிக் கடையிலோ மளிகைக் கடையிலோ நாளெல்லாம் நின்று கால் வீங்கிய அன்பர்கள் என் கஷ்டத்தில் பாதியைத் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள். மீதிப் பாதியை நான்தான் சொல்ல வேண்டும். துணி கீழே விழுந்தால் தட்டி மடித்து வைக்கலாம். அரிசி சிந்தினால் கூட்டி அள்ளலாம். நான் நின்ற கடையில் வாடிக்கையாளர் பலமாகத் தும்மினாலே என் இரண்டு கையும் மேசைப் பக்கம் நீண்டுவிடும்.

ரங்கூன் மொகல் தெருவில் ஒரு மரைக்காயருடைய கடிகாரக் கடை அது. என் பெயர் சவரிமுத்து. மிஷன் பள்ளியில் படித்தவன். இங்கிலீஷ், பர்மீயம், இந்துஸ்தானி மூன்றும் தட்டுத்தடுமாறி வாய்க்கு வந்ததால் முகப்பில் நின்று விற்கிற வேலை கிடைத்தது. திரைக்குப் பின்னால் மேஸ்திரி அப்பாசாமி உட்கார்ந்து பழுது பார்ப்பார். ஜப்பான் சரக்கை வரவழைத்துத் தருகிற ஏஜெண்டு ஒகாடா அடிக்கடி வந்துபோவார். ஒகாடாவின் குடும்பம் டோக்கியோவில் கண்ணாடிக்குப் பட்டை வெட்டுகிற குடும்பம். அப்பாவும் தம்பியும் அங்கே வெட்டுவார்கள், மூத்தவரான இவர் கடல் தாண்டி வந்து விற்பார். அந்த வீட்டிலிருந்து வந்த கடிகாரங்களால் எனக்கு நேர்ந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வைக்கோலுக்குள் இருந்தது

முதல் பெட்டி வந்த அன்று மரைக்காயர் கடுகடுவென்று இருந்தார். அவர் கேட்டிருந்தது மரச்சட்டம் போட்ட சுவர்க் கடிகாரங்கள். ஒகாடா தம் பொறுப்பில் ஒரு பெட்டி கண்ணாடிச் சரக்கையும் சேர்த்து இறக்கியிருந்தார். மழைக்காலத்தில் கதவைச் சாத்தினாலே குலுங்குகிற ஊரில் கண்ணாடியை எவன் வாங்குவான் என்று முதலாளி காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஒகாடா ஆணிகளைப் பிடுங்கி, வைக்கோலை விலக்கி, சின்னத் தவில் மாதிரி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, வாசல் பக்கத்து மேசையில் வைத்தார்.

நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். வெளிப்பக்கம் மெல்லியதாக நீலக் கண்ணாடி, அதை ஒட்டி உள்ளே நிறமில்லாத கண்ணாடி. நீலத்தைச் சக்கரத்தில் வைத்து வெட்டிக் கழித்த இடமெல்லாம் வெள்ளை வரி. அந்த வரிகள் மூங்கில் கூடையின் முடைச்சல் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி உடம்பு முழுவதும் ஓடின. நடுவில் வெள்ளை முகப்பும் இரண்டு கறுப்பு முள்ளும். வெயில் பட்டதும் கூரைப் பலகையில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெறித்தது. மேஸ்திரி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். தெருவில் போன ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தினார், உள்ளே இருந்த சவாரியும் ஏன் நின்றது என்று கேட்கவில்லை. மரைக்காயர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். தன் சரக்கை அவர் புகழ்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. அன்றும் புகழவில்லை. என்னை அருகே கூப்பிட்டு, ஒகாடாவுக்குக் கேட்காதபடி சொன்னார்: "விலையக் கொஞ்சம் ஏத்தியே சொல்லு சவரி, நாலு நாளு இங்கேயே இருக்கட்டும்."

மாணிக்க வியாபாரி

விலையை ஏற்றிச் சொன்னால் ஆள் ஓடிவிடும் என்று நினைத்தோம். டோ மியா ஓடவில்லை. மொகோக் மலையிலிருந்து வருகிற மாணிக்கக் கற்களை ரங்கூனில் விற்கிற அம்மாள் அவர். வீட்டுக்காரர் கல்லுக்குப் பட்டை தீட்டுவார், இவர் பேரம் பேசுவார். கொண்டையில் பூவும் கையில் சுருட்டுமாக வந்து உட்கார்ந்து, இடுப்பு முடிச்சிலிருந்து கல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்தார். சிவப்புக் கடிகாரம் ஒன்றை முன்னால் வைக்கச் சொல்லி, சுருட்டு அணைந்தது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டு மூன்று தடவை விலை சொன்னேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அப்போது ஒகாடா வந்தார். வரிகள் சந்திக்கிற இடத்தில் ஒன்றுகூட முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை, இதை எப்படிப் பிடித்து வெட்டுகிறார்கள் என்று டோ மியா கேட்டார். ஒகாடா மேசையில் கிடந்த தம்ளரை எடுத்துச் செய்து காட்டினார். சுழல்கிற சக்கரம் கீழே இருக்கும். கண்ணாடியை மேலிருந்து அதன்மேல் அழுத்துவார்கள். ஆகையால் வெட்டுகிற இடம் வெட்டுகிறவனுக்குத் தெரியாது, கண்ணாடியின் உள்பக்கமாக எட்டிப் பார்த்துத்தான் கையை நகர்த்த வேண்டும். நீலமானால் ஓரளவு தெரியும். அடர்ந்த சிவப்பானால் காதால் கேட்டுத்தான் வெட்ட வேண்டும், ஆழம் கூடினால் சத்தம் மாறும். இதைச் சொல்லிவிட்டு, தம் அப்பா வெட்டும்போது வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது என்றும் சொன்னார். டோ மியா பூதக்கண்ணாடியை முடிந்துகொண்டார். கடிகாரத்தைக் கட்டச் சொன்னார். வீட்டுக்கே அனுப்பிவைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தங்கை வீட்டுக்கு அனுப்பு என்றார். பர்மியர் வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் மரியாதைக்குக் 'கோ' சேர்த்துக் காரணத்தையும் சொன்னார்: "எங்கள் வீட்டுக்காரர் இதைப் பார்த்தால் பட்டறையை மூடிவிட்டு ஜப்பானுக்குக் கப்பல் ஏறிவிடுவார், கோ சவரி."

நாகம்மாளின் புகார்

பக்கத்தில் பபேடான் பேட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நாகம்மாள் எங்களிடம் வாங்கியது சின்னச் சிவப்புக் கடிகாரம். கல்லாவுக்கு மேலே, ஜன்னலுக்கு நேராகப் பலகை அடித்து வைத்தார். ஒரு மாதம் போவதற்குள் கடிகாரத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மெதுவாக ஓடுகிறதாம். மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் முன்போல வேளையோடு எழுந்து போவதில்லை, வாசலில் அடுத்த பந்தி காத்துக் கிடக்கிறது, எல்லாம் இந்தக் கடியாரம் தப்பு மணி காட்டுவதால்தான் என்று படபடத்தார்.

மேஸ்திரி அப்பாசாமி பின்பக்க மூடியைத் திறந்து, ஒவ்வொரு பல்லாகப் பார்த்து, இரண்டு நாள் ஓடவிட்டும் பார்த்தார். ஒரு நிமிஷம் பிசகவில்லை. நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கடிகாரத்தோடு புறப்பட்டார். திரும்பி வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். உச்சி சாய்ந்ததும் ஜன்னல் வெயில் கண்ணாடியில் பட்டு, எதிர்ச் சுவரில் செம்புள்ளிகளாக விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து போகிறதாம். துறைமுகத்திலிருந்து வருகிற மூட்டைக்காரர்கள், முனிசிபல் ஆட்கள், கச்சேரிக் குமாஸ்தா எல்லாரும் கை காயக் காய அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேஸ்திரியும் ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். பலகையை ஜன்னலுக்கு நேர் இல்லாத மூலைக்கு மாற்றச் சொல்லி வழி சொன்னோம். நாகம்மாள் யோசித்தார். கடைசியில் வேண்டாம் என்றுவிட்டார். "இருக்கட்டும் தம்பி, நான் ரெண்டு பெஞ்சு கூடப் போட்டுக்கிறேன்."

இன்சீனிலிருந்து வந்தவர்கள்

இன்சீன் ரயில்வேயில் எஞ்சின் ஓட்டிய தங்கவேலு ஒரு நாள் மனைவியைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். சிவகாமி அம்மாளுக்கு அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. தங்கவேலு வண்டியில் போனால் வீடு திரும்ப மறுநாள்கூட ஆகும். தனியாக இருக்கிற மனைவிக்குப் பொழுது தெரிய வேண்டும், மணி அடிக்கிற கடிகாரமாகக் கொடுங்கள் என்றார். நான் நல்ல எண்ணத்தோடுதான் மரச்சட்டக் கடிகாரங்களை எடுத்து வைத்தேன். கண் தெரியாதவருக்குக் கண்ணாடிச் சரக்கைக் காட்டுவது கிண்டல் செய்வது போலாகும் என்று நினைத்தேன். கணவரும் நானும் மணிச்சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் பக்கத்து மேசையைத் தடவிக்கொண்டே போய், நீலக் கடிகாரம் ஒன்றின்மேல் கை வைத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அந்தக் கை அவ்வளவு நிதானமாக இருந்தது. பத்து விரலையும் பதித்து, தூக்காமல், நகர்த்தாமல், வரிகளின்மேல் ஓட்டினார்.

அந்தக் கடிகாரத்தில் வெட்டியிருந்தது சணல் இலை வடிவம். ஆறு முனை நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு பரவியிருக்கும். சிவகாமி அம்மாள் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வந்து அடுத்ததற்குப் போனார். அதிலிருந்து அடுத்ததற்கு. பிறகு, புள்ளி வைத்துக் கோடு இழுத்திருக்கிறார்கள், ஆறு புள்ளிக் கோலம், ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடித்தார்கள் என்றுதான் பிடிபடவில்லை என்று கணவரிடம் சொன்னார். தங்கவேலு மணிக் கடிகாரங்களை விட்டு விலகி மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். கண் போனதிலிருந்து கோலம் என்ற வார்த்தையை அவர் வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். இது மணி அடிக்காதே என்று நான் மெல்லச் சொன்னேன். மணி சொல்ல லைன் வீட்டுக்குப் பக்கத்தில் ரயில்வே பட்டறைச் சங்கு ஊதுகிறது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது, கடிகாரப் பெட்டியைத் தாமே மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "கண்ணு இருந்தப்ப நான் போட்ட கோலம் ஒருநாளும் இவ்வளவு நேரா வந்ததில்ல, தம்பி."

படகில் ஒரு பெட்டி

ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊர் இருக்கிறது. நாங்கள் சிரியம் என்போம். அங்கே எண்ணெய் ஆலையில் பெரிய வேலையில் இருந்த ஊ பா தின் என்பவர் மகளுடைய கல்யாணத்துக்காக எங்களிடமிருந்த கடிகாரங்களிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்தார். நீல உடம்பில் செவ்வந்திப் பூக்கள் வெட்டியது. கல்யாண வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. சம்பான் படகில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். துடுப்புப் போட்டவர் வங்காளத்துச் சிட்டகாங்குக்காரர், வயதானவர். பாதி ஆறு தாண்டியதும் வானம் கறுத்துக் காற்று அடித்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. பெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பலகையைப் பிடி என்று கிழவர் கத்தினார். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் கை பெட்டியை விடவில்லை. வீரம் ஒன்றும் இல்லை, அந்தப் பூக்களை நான் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் மனசுக்குள் வந்தது அது ஒன்றுதான்.

கிழவர் என் தோளைக் காலால் அழுத்திப் படகின் அடியில் உட்காரவைத்து, அந்தக் காற்றிலேயே படகைத் திருப்பிக் கரை ஓரம் கொண்டுவந்தார். இறங்கியதும் கிழவர் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். திறந்து காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். முள் ஓடிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு இந்துஸ்தானியில் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "நீ விழுந்தா நான் குதிப்பேன் பாபு, அது விழுந்தா குதிக்கமாட்டேன், தெரிஞ்சு வச்சுக்கோ."

மணப்பெண் செய்த காரியம்

ஆற்றில் தப்பித்த கடிகாரம் வீட்டில் தப்பவில்லை. மணப்பெண் மா கின் ஆசை தாங்காமல், அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் பெட்டியைத் தானே திறந்து தூக்கியிருக்கிறாள். பித்தளைத் தட்டத்தின் விளிம்பில் இடித்து, மேல் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் நின்றாள், கண் சிவந்து, பெட்டியும் கையுமாக. கல்யாணத்துக்கு முன் கண்ணாடி உடைந்தது என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லுவார்கள், நிச்சயித்ததே நின்றுபோனாலும் போகும் என்று அழுதாள். வேறொன்று தரலாம் என்றால் அந்த அளவில் எங்களிடம் வேறு இல்லை. டோக்கியோவிலிருந்து வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும்.

ஒகாடா பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வியாபாரத்துக்கு வந்துவிட்டாலும் அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்னச் சக்கரம் வைத்திருந்தார். சுற்றிவிட ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் விளிம்பு முழுவதும் மையால் குறி வைத்தார். பிறகு இரும்புச் சக்கரம், அதன்மேல் மணலும் தண்ணீரும் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கப்புறம் கல் சக்கரம், கடைசியில் மெருகுக்கு மரச் சக்கரம். நான் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுபோனேன். சக்கரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், நான் மூச்சு வாங்கினாலும் அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அவருடைய கையோ கண்ணாடியைப் பிடித்தது பிடித்தபடி இருக்கும், மணிக்கட்டு மட்டும் கொஞ்சமாகத் திரும்பும். அன்றுவரை அவரை நான் பேரம் பேசுகிற மனிதராகத்தான் பார்த்திருந்தேன். அன்று அவர் முகமே வேறாக இருந்தது.

சில்லு போன இடத்தின் ஆழத்துக்கு விளிம்பு முழுவதையும் இறக்கி, சுற்றிலும் தாமரை இதழ்களாக வளைத்திருந்தார். எது உடைந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. கல்யாண வீட்டில் ஊ பா தின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் பார்த்தபோது இதழ்களைக் கவனிக்கவில்லையே, வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். பட்டுத் துணியும் நகையுமாக உட்கார்ந்திருந்த மா கின் தலையை நிமிர்த்தவில்லை. நான் விடைபெறப் போனபோது மட்டும் உதடு அசையாமல் கேட்டாள்: "இன்னொரு பக்கமும் இடித்திருக்கலாமோ, அண்ணா?"

வெள்ளைக் கடிகாரங்கள்

அந்த வருஷம், 1923, செப்டம்பரில் ஜப்பானில் பெரிய பூகம்பம் வந்தது. டோக்கியோ இடிந்து, இடிந்ததில் மீதி எரிந்தது என்று பத்திரிகையில் போட்டார்கள். ஒகாடா தந்தி கொடுத்தார், பதில் இல்லை. மறுபடி கொடுத்தார், பதில் இல்லை. கப்பல் வருகிற நாளெல்லாம் துறைமுகத்துக்குப் போய், இறங்குகிற ஜப்பானியர்களிடம் தெருப் பெயரைச் சொல்லி விசாரிப்பார். அந்தப் பக்கமே இல்லை என்பார்கள். கடைக்கு வந்து, மீதமிருந்த நீலக் கடிகாரங்களுக்கு முன்னால் நின்றுவிட்டுப் போவார். மரைக்காயர் அவற்றை விற்பதை நிறுத்திவிட்டார். வேறு சரக்கு வேண்டுமே என்று ஒசாகாவில் ஒரு கம்பெனிக்கு எழுதிப்போட்டார்.

ஒசாகாப் பெட்டி வந்தபோது குளிர்காலம். பெட்டி திறக்க வழக்கம்போல ஒகாடாவைக் கூப்பிட்டோம். உள்ளே இருந்தவை நிறமில்லாத வெள்ளைக் கடிகாரங்கள். மலிவுச் சரக்கு என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஒகாடா சிரத்தையில்லாமல் ஒன்றை எடுத்து வைக்கோலைத் துடைத்தார். துடைத்த கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, நகத்தை ஒரு வரியின் குறுக்கே இழுத்தார். வலமிருந்து இடம் இழுத்தார், பிறகு இடமிருந்து வலம். இன்னொன்றை எடுத்தார். அதிலும் அப்படியே. பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கோலின்மேல் வரிசையாக வைத்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பயந்துபோனோம். மேஸ்திரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பிறகுதான் சொன்னார். அவருடைய தம்பி இடதுகைக்காரர். கண்ணாடியை மற்றவர்கள் சாய்க்கிற பக்கம் சாய்க்காமல் எதிர்ப்பக்கம் சாய்த்துத்தான் சக்கரத்தில் வைப்பார். அதனால் அவர் வெட்டுகிற வரியில் ஒரு சரிவு செங்குத்தாகவும் மறு சரிவு படுத்தும் இருக்கும், மற்றவர்கள் வெட்டுவதற்கு எதிர்த்திசையில். சின்ன வயதில் அதற்காக அப்பாவிடம் நிறைய அடி வாங்கியும் தம்பிக்குக் கை மாறவில்லை. தம்பி உயிரோடு இருக்கிறார், ஒசாகாவில் யாரோ ஒருவருடைய பட்டறையில் கூலிக்கு வெட்டுகிறார். மரைக்காயர் இரண்டு கையையும் ஏந்தி, அல்லாவுக்கு நன்றி என்றார். ஒகாடா தலையாட்டினார். ஆனால் கையிலிருந்த கடிகாரத்தைக் கீழே வைக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வரிகளின் அடிமடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே பால் படிந்தாற்போல லேசான மங்கல் இருந்தது. நீலக் கடிகாரங்களில் அப்படி இருந்ததில்லை. டோக்கியோ பட்டறையில் மெருகு போடுகிற மரச் சக்கரத்தில் அப்பா தம்மைத் தவிர யாரையும் உட்காரவிடமாட்டார் என்று ஒகாடா முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார். எதிரே நின்றவர்களில் யாரையும் பார்க்காமல் ஒகாடா பர்மீயத்தில் சொன்னார்: "வெட்டினது தம்பி; மெருகு போட்டது அப்பா இல்லை."

விற்பனைக்கு அல்ல

கொஞ்ச காலம் கழித்துத் தம்பியின் கடிதம் வந்தது. ஒகாடா யூகித்தது சரிதான். பூகம்பத்தன்று அப்பா பட்டறையிலிருந்து வெளியே வரவில்லை. அதை அண்ணனுக்கு எழுத உட்காரும்போதெல்லாம் எழுத்து வராமல் தள்ளிப்போட்டுவிட்டதாகத் தம்பி எழுதியிருந்தாராம். மரைக்காயர் வெள்ளைக் கடிகாரங்களில் ஒன்றை ஒகாடாவிடமே கொடுத்தார். மிச்சமிருந்த நீலங்களில் ஒன்றை, அப்பாவின் மெருகு இருந்ததை, முகப்பு அலமாரியின் நடுத்தட்டில் வைத்து, இது விற்பனைக்கு அல்ல என்று நான்கு மொழியில் சீட்டு எழுதி ஒட்டச் சொன்னார். அந்தச் சீட்டு என் உயிரை வாங்கியது. விற்கிற சரக்கின் விலையைக் கேட்காதவர்கள்கூட விற்காத கடிகாரத்தின் விலையைக் கேட்டார்கள். கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சீனத் தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் மட்டும் விடவே இல்லை. வாரா வாரம் வருவார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார், போன வாரத்தைவிட ஒரு படி மேலே விலை சொல்வார். முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் தனியாகப் பேசிப் பார்த்தார். பொறுமை போய் ஒரு நாள் முழுக் கதையையும் அவருக்குச் சொன்னேன், பூகம்பத்திலிருந்து கடிதம் வரை. அவர் எழுந்துபோய் அலமாரி முன்னால் நின்று, தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நீலத்தைப் பார்த்தார். சரி, இனி தொல்லை இராது என்று நினைத்தேன். திரும்பி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தத் தம்பிக்குச் சொந்தமாகச் சக்கரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மெருகு போட ஆள்? அதுவும் இல்லை, இனிமேல்தான் தாமே பழகிக்கொள்ள வேண்டும் என்று ஒகாடா சொன்னதைச் சொன்னேன். மண்டிக்காரர் கொஞ்ச நேரம் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். என் மகனுக்கு இப்போதுதான் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம், அவசரம் ஒன்றும் இல்லை என்றார். எழுதிக்கொள் என்று என் பென்சிலைக் காட்டினார்: "நீலத்தில் ஒன்று, அந்தத் தம்பி வெட்டி அந்தத் தம்பியே மெருகு போட்டது, எப்போது வருகிறதோ அப்போது வரட்டும்."

இத்தனை வருஷம் அத்தனை பெரிய கைவேலைக்குப் பக்கத்திலேயே நின்றும் நான் கற்றுக்கொண்ட வித்தை, கண்ணாடியைத் துடைக்கும்போது அதன்மேல் மூச்சு விடாமல் இருப்பது ஒன்றுதான்.